பொற்கொல்லனைச் சுட்டாத பாண்டியன்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவணைப் பரீட்சை முடிந்த சமயம், ஓரிரவு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். எங்கள் வீடு திருகோணமலை உள்துறைமுகத்துக்கு அண்மையிலே உள்ளது. எதிரே படகுகளின் வெளிச்சம் தண்ணீரிலே ஆடிக்கொண்டிருந்தது. பத்தாந்தரத்திலே படிக்கும் என் மகன் படியிலே இருந்து கைத்தொலைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று கையை உயர்த்தி ஆரவாரம் செய்தான். வில்லனை வீழ்த்திவிட்டானாம்.

"முடிஞ்சுதுதானே? இனிப் போய்ப் படு" என்றேன்.

"எங்க அப்பா முடிஞ்சது? இவன் சும்மா ஆள். இவனை ஆட்டி வைக்கிறவன் பின்னால இருக்கிறான்" என்றான்.

என் கையிலிருந்த விடைத்தாளில் இருந்த வினாவோ, 'கோவலன் கொலைக்குப் பொறுப்பானவர் யார்? ஆராய்க' என்பது. மகன் சொன்ன விடையும் மாணவர் எழுதிய விடையும் ஒன்றுபோலவே இருந்தன. இன்று உங்களோடு பேசப்போகும் பொருள் அந்தப் படிக்கட்டிலேதான் எனக்குக் கிடைத்தது.

அவன் விளையாடியது 'ஃபைனல் ஃபன்டசி' என்ற யப்பானிய விளையாட்டுத் தொடரின் நான்காவது கதை. 1991 இலே வெளிவந்தது. என் பள்ளிப் பருவத்துப் பொருள், இப்பொழுது கைத்தொலைபேசிக்கு வந்து அவன் கையிலே இருக்கிறது. அதன் கதையை அவனையே சொல்லச் சொல்லிக் கேட்டேன். செசில் என்ற படைத்தலைவன் பாரன் நாட்டு அரசனின் கட்டளைப்படி, அப்பாவிகளின் ஊர் ஒன்றைத் தாக்கி அவர்கள் காத்துவந்த பளிங்குக்கல்லைப் பறித்து வருகிறான். கெட்டவன் அரசன் என்று நினைக்கிறோம். பிறகு தெரியவருகிறது, அரியணையிலே இருப்பது அரசனே அல்ல. அரசனுடைய உருவெடுத்த ஓர் அரக்கன். அரக்கனுக்கு மேலே கொல்பெஸ் என்றொரு மந்திரவாதி. அவனை வென்றால், அவனுடைய மனத்தைச் சந்திரனுக்குள் இருந்தபடியே பிடித்து ஆட்டியவன் ஸேமஸ் என்று தெரிகிறது. ஒருவனை நீக்கினால் அவன் பின்னே இன்னொருவன்.

இது ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரிய உத்தி அல்ல. அதே 1991 இலே நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட செல்டா கதையிலும், ஆட்சியைக் கவிழ்த்த மந்திரவாதி அகானிமை வென்றபின்னர்தான், அவன் கானன் என்ற பெரும் பகைவனின் மறுவடிவம் என்பது வெளியாகிறது.

நேயர்களே, இப்படித் திரைக்குப் பின்னால் இருப்பவனுக்குத் தமிழிலே நல்லதொரு சொல் வழங்குகிறது. சூத்திரதாரி. சூத்திரம் என்றால் கயிறு. பாவையின் கயிற்றைப் பிடித்திருப்பவன் சூத்திரதாரி. நமது செய்தித்தாள்களிலே 'பிரதான சூத்திரதாரி யார்' என்ற தலைப்பை எத்தனை தடவை வாசித்திருப்போம். 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், உறவுகளை இழந்தவர்கள் அந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அதே கேள்வியை எல்லாரும் ஒரே உரிமையோடு கேட்க முடியுமா என்பதே என் ஐயம்.

முதலில் நமது இலக்கியத்துக்கு வருவோம். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நமது முருகன் கோயில் வீதிகளிலே சூரன் போர் நடக்கும். யானைமுகத்தோடு தாரகன் வருவான், வீழ்வான். தலையை மாற்றுவார்கள், சிங்கமுகன் வருவான், அவனும் வீழ்வான். பின்னர் சூரபன்மன் தன் முகத்தோடு வருவான். விளையாட்டிலே படிப்படியாக வரும் பகைவர் வரிசையை நமது பிள்ளைகள் வீதியிலே முன்னமே கண்டிருக்கிறார்கள். ஆனால் கச்சியப்பரின் கந்தபுராணத்தை உரை சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்த மூவருக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். மாயை. காசிபரை மயக்கி இவர்களைப் பெற்றவள் அவள். அவளுக்கும் பின்னால், அசுர குலத்தை உயர்த்த வேண்டும் என்று அவளைப் பயிற்றி அனுப்பிய குரு சுக்கிரர் இருக்கிறார்.

கம்பனிலே பாருங்கள். இராமன் காடு செல்லக் காரணம் யார்? வரம் கொடுத்த தசரதனா? கேட்ட கைகேயியா? கைகேயிக்குப் பின்னால் கூனி. அந்தப் படலத்துக்கே மந்தரை சூழ்ச்சிப் படலம் என்று பெயர். சிறுவயதில் இராமன் வில்லிலே வைத்து அடித்த மண்ணுருண்டையை அவள் மறக்கவில்லை. சரி, அவளோடு நின்றுவிட்டதா? இல்லை. கைகேயியின் தூய மனம் திரிந்ததற்குத் தேவர்களின் மாயையும், அவர்கள் பெற்ற வரமும், அந்தணர் தவமும் காரணம் என்று கம்பன் இன்னுமொரு திரையை விலக்கிக் காட்டுகிறான். யாருடைய நன்மைக்காக இராவணன் அழியவேண்டுமோ, அவர்களே கடைசித் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள்!

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. இராமனுக்கு முடிசூட்டு விழா என்று கூனி சொன்னவுடனே கைகேயி மகிழ்ந்து அவளுக்கு மாலை பரிசளிக்கிறாள். அந்த மாலை கொடுத்த கை, வரம் கேட்கும் கையாக மாறுவதற்குக் கூனி எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது! மகனின் எதிர்காலம், கோசலையின் கையை எதிர்பார்க்கும் வாழ்வு, பிறந்த வீட்டின் நிலை என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறாள். ஏதோவொரு கதவு உள்ளேயிருந்து திறக்கிறது. வெளியே நிற்பவன் தட்டலாம். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. சகுனி எவ்வளவு பெரிய சூதனாயினும், துரியோதனன் நெஞ்சிலே பொறாமை இல்லாவிட்டால் அவனுடைய பகடைக்கு வேலை ஏது?

இப்பொழுது விடைத்தாளிலே இருந்த சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். கோவலனை வாளால் வெட்டியவன் கல்வியறிவற்ற ஒரு குடிகாரன். அவனுக்குப் பின்னால் பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆணை. ஆணைக்குப் பின்னால் அரசியின் சிலம்பைத் தானே திருடிவைத்திருந்த பொற்கொல்லன். அவனுக்கும் பின்னால் ஊழ்வினை. முற்பிறப்பிலே கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் கோவலன் பரதன் என்ற பெயரோடு இருந்து, சங்கமன் என்ற வணிகனைக் கொலைக்கு ஆளாக்கிய பழி என்று மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகிக்குச் சொல்கிறது. நான்கு அடுக்கு. யப்பானிய விளையாட்டிலும் அரசன், அரக்கன், கொல்பெஸ், ஸேமஸ் என்று நான்கு அடுக்குத்தான்.

இந்த நால்வரில் பொற்கொல்லன் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறான் என்று கவனியுங்கள். கோவலனைப் பார்த்த காவலர்களுக்கே, இவன் கள்வனாக இருக்கமாட்டான் என்ற ஐயம் எழுகிறது. உடனே அவன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வருக்குத் துணையாகும் எட்டையும் எடுத்துச் சொல்லி அவர்களுடைய ஐயத்தைக் கெடுக்கிறான். ஆனால் அரசனிடத்திலே அவனுக்கு அவ்வளவு பேச்சுத் தேவைப்படவில்லை. ஊடியிருந்த தேவியைத் தேடிப் போகும் அவசரத்திலே அரசன் இருந்தான். அந்த அவசரம்தான் அவனுக்குத் திறந்த கதவு.

சரி, உண்மை வெளிப்பட்ட நேரத்திலே பாண்டியன் என்ன செய்தான்? கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். முத்து இருக்கவேண்டிய இடத்திலே மாணிக்கம் தெறிக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 'என்னை ஏமாற்றிவிட்டான் பொற்கொல்லன். பிடித்து வாருங்கள் அவனை' என்று சொல்லியிருக்கலாம். அதுவும் முழு உண்மைதான்! பொய் ஒன்றும் இல்லை. சபையும் ஏற்றிருக்கும். நமது மாணவர்களில் அரைவாசிப் பேர் விடைத்தாளிலே அவனுக்காக அப்படித்தான் வாதாடியிருந்தார்கள். ஆனால் அவனோ, பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நானா அரசன் என்று தன்னையே நொந்து, கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்தான். பொற்கொல்லனின் பெயரை அவன் எடுத்தது தன்னைக் குற்றஞ்சாட்டுவதற்கு. தன்னைக் காப்பாற்றுவதற்கு அல்ல.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லது. நூலின் முகப்பிலே உள்ள உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தானாம். சிலம்பைத் திருடியவன் ஒருவன். உயிர் இழந்தவர் ஆயிரம் பேர். குற்றத்தைத் தன்மேல் ஏற்ற அரசன் ஒருவனோடு பழியை முடித்துக்கொண்டான். சூத்திரதாரியைத் தேடிப் போனவன் ஒரு தொழிலைச் சேர்ந்த மக்களையே பலிகொடுத்தான்.

இது எங்கோ பழங்காலத்துச் செய்தி என்று எண்ணிவிட முடியாது. 1915 இலே இந்த நாட்டிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டபொழுது, பின்னால் இராசத்துரோகச் சதி இருக்கிறது என்று ஆங்கிலேய ஆட்சி ஐயுற்றது. இராணுவச் சட்டம் வந்தது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் அவர்களில் ஒருவர். சட்டசபையிலே அந்த அநீதியை எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபின்னர், அரசாங்கம் சதியென்று கூறி மக்கள் விடுதலை முன்னணி, கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி என்ற மூன்றையும் தடைசெய்தது. தீ வைத்தவன் தெருவிலே நின்றான். சூத்திரதாரியை வேறெங்கோ தேடினார்கள்.

எங்கள் ஊரிலே இந்தப் பேச்சு இன்னும் எளிது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய துறைமுகம் இது. 1957 இலேதான் ஆங்கிலேயர் இங்கிருந்த தமது கடற்படைத் தளத்தைக் கையளித்தார்கள். ஆகவே எதற்கும் பின்னால் ஒரு வெளிநாட்டுக் கை இருக்கிறது என்று தேநீர்க்கடையிலே சொன்னால் மறுப்பவர் இல்லை. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கடலிலே மீன் குறைந்ததற்கும் வெளிநாட்டுக் கைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டே, நம்மவர் சிலர் வெடி போட்டுப் பிடித்த மீனை மலிவென்று வாங்கிப் போகிறோமே, அந்தக் கை யாருடையது?

நேயர்களே, மற்றவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நானும் பொற்கொல்லனைத் தேடுகிறவனாகிவிடுவேன். என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு பாடசாலையிலே வகுப்பாசிரியனாக இருந்தேன். பிள்ளைகளிடம் சேர்த்த சுற்றுலாப் பணம் காணாமற் போயிற்று. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மாணவனைக் கண்டதாக வகுப்புத் தலைவன் சொன்னான். அவன் கரைவலை இழுக்கும் ஒருவரின் மகன். விடியற்காலையில் தகப்பனுக்கு உதவிவிட்டு வருவதாலே அடிக்கடி பிந்தி வருவான். அதனால் ஏற்கெனவே எனக்கு அவன்மேல் ஒரு சலிப்பு. அன்று மாதாந்த அறிக்கையை முடித்துக்கொடுக்க வேண்டிய அவசரம் வேறு. விசாரிக்கவில்லை. வகுப்பின் முன்னே நிறுத்திப் பேசக்கூடாததைப் பேசினேன். தகப்பனைக் கூட்டிவரச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பணம் அகப்பட்டது. என் வீட்டிலே, நான் கட்டிவைத்த விடைத்தாள்க் கட்டுக்குள்ளே, நானே செருகிய கடிதவுறைக்குள் இருந்தது.

தகப்பன் வந்து நின்றபொழுது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வகுப்புத் தலைவன் அப்படிச் சொன்னபடியால்தான்..." என்றேன். மேசைக்குப் பக்கத்தில் கண்டேன் என்று மட்டும் சொன்ன பதின்மூன்று வயதுப் பிள்ளையை நான் பொற்கொல்லன் ஆக்கினேன். அங்கே சூத்திரதாரி என்று எவருமே இல்லை. எனக்கு ஒருவர் தேவைப்பட்டார், உண்டாக்கிக்கொண்டேன்.

அந்த மனிதர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "பரவாயில்லை சேர். பிள்ளையள் சொன்னா நீங்கள் என்ன செய்வீங்கள்" என்றார். எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது. அப்படி இலேசானதுதான் என் இரண்டாவது தவறு என்று இப்பொழுது உணர்கிறேன். அந்த மாணவன் தொடர்ந்து பாடசாலைக்கு வந்தான். ஆனால் அதன்பின் என் வகுப்பிலே அவன் கையுயர்த்தி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

கம்பனிலே காடு புறப்படும் இராமன், சினந்து நிற்கும் இலக்குவனிடம் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றிலே நீர் வற்றினால் அது ஆற்றின் பிழை ஆகாது; அதுபோல் இது தந்தையின் பிழையும் அல்ல, தாயின் பிழையும் அல்ல, பரதனின் பிழையும் அல்ல, விதியின் பிழை என்கிறான். கடைசித் திரைக்குப் பின்னால் நிற்கும் சூத்திரதாரியை அவன் சுட்டுகிறான். அது எவ்வளவு உயர்ந்த பேச்சு! ஏன் உயர்ந்தது? இழந்தவன் அவன். அதையே கைகேயி சொல்லியிருந்தால்? 'என்னில் என்ன பிழை, எல்லாம் விதி' என்று அவள் சொல்லியிருந்தால் நாம் காதைப் பொத்திக்கொள்வோம். சொல் ஒன்றுதான். பாதிக்கப்பட்டவன் சொன்னால் அது மன்னிப்பு. செய்தவன் சொன்னால் அது தப்புதல். கரைவலைக்காரர் எனக்குத் தந்தது இராமனின் சொல். நான் அதை வாங்கிக் கைகேயியின் சொல்லாக்கிக் கொண்டேன்.

வான்மீகத்திலே சத்துருக்கனன் கூனியைக் கண்டதும் பிடித்து நிலத்திலே இழுக்கிறான். தடுப்பவன் பரதன். அவனாலே கைகேயியை மன்னிக்கவும் முடியவில்லை; கூனியை அடித்து ஆறுதல் பெறவும் மனமில்லை. நந்திக்கிராமத்திலே பதினான்கு ஆண்டுகள் தன் உடம்பை வருத்திக்கொண்டான். தவறே செய்யாதவன் பழியைச் சுமந்தான்.

மகன் தன் விளையாட்டின் மிச்சக் கதையையும் சொன்னான். படைத்தலைவன் செசில், அரசன் கொடுத்தனுப்பிய ஒரு பொதியை மலைக்கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோகிறான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் அதிலிருந்து நெருப்புக் கிளம்பி ஊர் எரிகிறது. 'எனக்குத் தெரியாது, அனுப்பியவன் அரசன்' என்று அவன் சொல்லலாம். சொல்லவில்லை. சோதனை மலை ஒன்றிலே ஏறுகிறான். உச்சியிலே எதிரியாக வந்து நிற்பது அவனுடைய சொந்த உருவமே.

"அதை எப்பிடி வெல்லுறது?" என்று கேட்டேன்.

"அடிக்கக் கூடாது அப்பா. அது அடிக்க அடிக்க வாங்கிக்கொண்டு நிக்கவேணும்" என்றான்.

கொல்பெஸ் என்ற அந்த மந்திரவாதியும் அப்படித்தான். தன் மனத்தை ஆட்டியவன் ஸேமஸ் என்று தெரிந்தபின்னும், அவன் செசிலின் சொந்தத் தமையன் என்று தெரிந்தபின்னும், செய்த கேடுகளுக்குப் பிறகு திரும்பிவர முகமில்லையென்று சந்திரனிலேயே தங்கிவிடுகிறான். ஸேமஸோ வீழ்ந்தபிறகும் முடிவதில்லை. அவனுடைய வெறுப்பு மட்டும் தனியாக எழுந்து நிற்கிறது. கடைசிப் போர் அதனோடுதான். இதைக் கேட்டபின்னர், இந்த விளையாட்டுகளை வீண்பொழுது என்று தள்ளிவிட எனக்கு நாக்கு எழவில்லை. நல்ல கதை எங்கிருந்தாலும் இதையே சொல்கிறது போலும்.

முடிக்குமுன் ஒன்று. 2007 இலே 'பயோஷொக்' என்றொரு விளையாட்டு வந்தது. கடலடியிலே ஒரு நகரம். அங்கே வந்து சேர்ந்தவனுக்கு அட்லஸ் என்ற பெயரிலே ஒரு குரல் வானொலி வழியாக வழிகாட்டுகிறது. அதைச் செய், இதைச் செய் என்று மிகவும் மரியாதையாகக் கேட்கும். விளையாடுகிறவனும் செய்துகொண்டே போவான். பாதிக் கதைக்குப் பின்னரே, சூத்திரதாரி அந்தக் குரல்தான் என்றும், கயிற்றிலே ஆடிய பாவை தானேதான் என்றும் அவனுக்குத் தெரியவரும். ஆகவே நேயர்களே, வானொலியிலே ஒரு குரல் மரியாதையாகப் பேசுகிறது என்பதற்காக, என்னையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்து நீங்களே ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

விடைத்தாளிலே ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: பொறுப்பானவர் பலர், பொறுப்பை ஏற்றவர் ஒருவர். வேறு ஒன்றும் எழுதவில்லை. முழுப் புள்ளியும் கொடுத்தேன்.